பேய்க்கணவாய் பிடிக்கிற உனைசி

என் ஓரகத்தி உனைசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் கண்டாவுத் தீவில் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். கடல் வற்றியதும் பவளப்பாறை மேல் அவள் பக்கத்திலேயேதான் நானும் நடப்பேன். என் கூடையில் சிப்பியும் நண்டும் இருக்கும். அவள் கூடையில் எட்டுக் கையையும் பின்னிக்கொண்டு பேய்க்கணவாய் கிடக்கும்.

"எங்கக்கா இருந்துச்சு? நான் இப்பதானே அங்க மிதிச்சிட்டு வந்தேன்?"

"அது தலையிலதான்டி மிதிச்ச. பாவம், வலிச்சிருக்கும்."

பேய்க்கணவாய் நம்மைப் பார்த்த மாத்திரத்தில் பாறையாகிவிடும். பழுப்பு, சாம்பல், பாசிப் பச்சை என்று உட்கார்ந்த இடத்தின் நிறமே அதன் நிறம். தோல்கூடப் பவளம் மாதிரி முள்முள்ளாய் எழும்பும். உனைசி இதற்கெல்லாம் மசிய மாட்டாள். தன் நிழல் முன்னால் விழக்கூடாதென்று வெயிலைப் பார்த்தே நடப்பாள். பொந்து வாசலில் தின்றுபோட்ட நண்டு ஓடு கிடக்கிறதா என்று பார்ப்பாள். அப்புறம் கண்ணைத் தேடுவாள். உடம்பை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தக் கண்ணிலுள்ள கறுப்புக் கோடு மட்டும் படுக்கையாகவே இருக்கும். "மேலெல்லாம் பொய் சொல்லும்டி, கண்ணு மட்டும் திருதிருன்னு முழிக்கும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் அந்த ஆகஸ்டில் ஒரு வாரமாக வெறுங்கூடையோடு திரும்பினாள். அவள் மட்டுமல்ல, யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. சனிக்கிழமை புதுப் போதகருக்கு வரவேற்பு விருந்து. தேங்காய்ப்பாலில் கொதித்த பேய்க்கணவாய் இல்லாமல் எங்கள் ஊரில் விருந்தா? பெண்கள் சங்கத் தலைவி மக்கரெத்தா அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களை வரிசையாகப் பார்த்தாள்.

"யாருடி அது? மறைக்காம சொல்லிருங்க."

எங்கள் கடலுக்கு ஒளிவுமறைவு ஆகாது. வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொல்லாமல் ஒருத்தி மீன்பிடிக்க வந்தால் கூட வந்த அத்தனை பேருக்கும் கைக்கு ஒன்றும் சிக்காது. சொல்லிவிட்டால் கடலுக்குக் கோபம் போய்விடும்.

யாரென்று எனக்குத் தெரியும். சமையல் கொட்டகைக்குப் பின்னால் உனைசி வாந்தியெடுத்ததைப் பார்த்துவிட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் ஒன்றும் இல்லை, இனிமேல் எங்கே என்று ஊரே கைவிட்டிருந்த நேரம். "ஏன்க்கா மறைக்கிற?" என்றதற்கு, "நிக்கட்டும்டி. நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது லேசுப்பட்ட காரியமில்லை.

சந்தேகம் முழுக்கக் கெலெரா தலையில் விழுந்தது. மலையிலிருந்து புதிதாய் வாழவந்த பெண், கடலில் கால் வைக்கவே கூசுவாள்.

"என்னடி, உங்க மலையில ஆத்து எறாலுக்கெல்லாம் இதைச் சொல்றதில்லையோ?"

"சத்தியமா நான் இல்லத்தை!"

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்வாளுக. நாளைக்கும் ஒண்ணும் கெடைக்கலேன்னா நீ கரையோட இரு, கடல் பக்கம் வராத."

கெலெரா மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். உனைசி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு முன்னால் போன கெலெராதான் கத்தினாள். "இங்க! இங்க! எனக்கே தெரியுது!"

ஓடிப் பார்த்தோம். பொந்துக்குள் ஒரு பேய்க்கணவாய், சுண்ணாம்பு மாதிரி வெளிறிப்போய் மெலிந்து வதங்கிக் கிடந்தது. உனைசி ஈட்டியோடு குனிந்தாள். பொந்தின் கூரையிலிருந்து சரம் சரமாக முட்டைகள் தொங்கின. அது கையால் அவற்றைத் தடவி, தண்ணீரை ஊதி ஊதிக் கழுவிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லாரையும் அந்தக் கண் பார்த்தது. நிறம் மாறவும் இல்லை, ஓடவும் இல்லை.

"என்னடி வேடிக்கை பார்க்கிற, குத்து!" என்றாள் அத்தை.

"முடியாதுத்தை."

"அப்ப நாளைக்குப் போதகருக்கு உன் பாவாடையவா கொதிக்க வைக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். கெலெரா மட்டும் அழுகிற குரலில், "குத்திருங்கக்கா. இல்லேன்னா மறுபடி என்னத்தான் சொல்வாங்க" என்றாள்.

உனைசி நிமிர்ந்தாள். பொந்தை மறைத்துக்கொண்டு நின்றாள். "இனிமே அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. வயித்துல இருக்கிறது எனக்கு. நாலு மாசம்."

மக்கரெத்தா அத்தைதான் முதலில் அசைந்தாள். கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து, "அடிப் பாவி, அடிப் பாவி!" என்று அவள் முதுகில் அடித்துக்கொண்டே கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஒருத்தி பாறையில் வழுக்கி விழுந்தாள். ஈட்டியைப் பிடுங்கி அத்தை கெலெரா கையில் திணித்தாள்.

"அப்ப நான் கடலுக்கு வரலாமா?"

"வாடியம்மா, வா. இனிமே நீதான் எங்க பேய்க்கணவாய்க்காரி!"

போதகருக்கு டின் மீனைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்துப் போட்டோம். மனுஷன் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கு முந்தின சாயங்காலம் நானும் உனைசியும் அந்த விருந்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "ஊருக்கே சொல்லிட்டியேக்கா. ஒருவேளை நிக்கலேன்னா?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "இதுக்கு முன்னாடி ரெண்டு நிக்கலடி, வசிதி."

"என்னக்கா சொல்ற? எப்போ?"

"யாருக்கும் தெரியாது. துணி தொவைக்கிற சாக்குல ஓடைக்குப் போய் அழுதுட்டு வந்துருவேன். இந்தத் தடவை அழணும்னா கூட அழ ஆளு இருக்குல்ல."

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு ஈரப்பலா மரம்தான் இருக்கிறது. எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. தேங்காய் மூடியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். "தேங்காயில உப்பு கூடிரும், எந்திரிடி" என்றாள் அவள்.

ஜனவரியில் காற்றும் மழையுமாக இருந்த ஒரு நாள் அவளைப் படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே இன்னும் இரண்டு படகு போயிற்று. சாயங்காலம் நர்ஸ் கதவைத் திறந்து, "பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உனைசி கூட வந்தது யாரு?" என்று கேட்டாள்.

நனைந்த துணியோடு நின்ற வராந்தா மொத்தமும் கையைத் தூக்கியது.