சாரல் காலத்தில் பில்டர் மாற்றுகிறவன்

சூரியனைப் பார்க்கும் டெலஸ்கோப்புக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலை, வருடத்தில் மூன்று மாதம் சூரியனே ஒழுங்காகத் தலைகாட்டாத ஊரில் நடத்துகிறவன் நான். ரிப்பேர்க் கடை வைத்து அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஹைட்ரஜன்-ஆல்ஃபா டெலஸ்கோப் சூரியனின் ஒரே ஒரு சிவப்பு ஒளியை மட்டும் கண்ணுக்கு விடும். மிச்சத்தைத் தடுக்க, கண் வைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பில்டர் இருக்கும். ஈரம் பட்டுப் பட்டுச் சில வருடங்களில் அதன் பூச்சில் வெண்மை படர்ந்துவிடும். சூரியன் மங்கிப் போகும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது என் வேலை. ஜெர்மனியில் பதினேழு வருடம் இதைச் செய்துவிட்டு வந்து, குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் வீட்டு மாடியில் கடை போட்டேன். யோசித்துத்தான் போட்டேன். எதை யோசித்தேன் என்பதுதான் இப்போது நினைவில்லை.

ஐந்தருவி வழியாக

ஈரக்காற்றில் டெலஸ்கோப்பைத் திறந்தால் புது பில்டரும் சீக்கிரம் கெடும். அதனால் பங்குனியில் கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் போனில் கெஞ்சுவேன். மதுரைக் கல்லூரி ஒன்றின் லேப் பொறுப்பாளர் "சரி சார், சரி சார்" என்றார். ஆனியில் சாரல் விழுந்த மறுநாள், குடும்பத்தோடு பதினோரு பேராக வேனில் வந்து இறங்கினார். ஐந்தருவியில் குளித்துவிட்டு நேராக வருகிறார்கள். எல்லோர் தலையிலும் எண்ணெய், எல்லோர் கையிலும் நேந்திரம் சிப்ஸ். டெலஸ்கோப் அடிபடக் கூடாது என்று, குளித்துத் துவட்டிய துண்டிலேயே பத்திரமாகச் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

துண்டைப் பிழிந்தேன். மாடிப்படியில் தண்ணீர் சொட்டியது. "பங்குனியில்தானே வரச் சொன்னேன்?" என்றேன்.

"பங்குனியில அருவியில தண்ணி விழாதே சார்!"

பல்பொடி வைத்தியம்

அச்சன்புதூர் அண்ணாச்சி ரிட்டையர்டு டிராபிக் சப்-இன்ஸ்பெக்டர். மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய டெலஸ்கோப். சூரியன் மங்கலாகத் தெரிகிறது என்று அவரே திருகிக் கழற்றி, வெளுத்த பில்டரைப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டார். பாதிப் பூச்சு போய்விட்டது. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் தம்பி, சும்மா காட்டத்தான் கொண்டாந்தேன். இப்ப பளிச்சுன்னு தெரியுது" என்றார் பெருமையாக.

டெலஸ்கோப்பை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன். பூச்சு போன இடத்தில் வரக் கூடாத வெளிச்சமெல்லாம் வரும். விழித்திரை வெந்தால்கூட வலிக்காது, வலிக்காததுதான் மோசம் என்று விளக்கினேன். எத்தனை தடவை பார்த்தீர்கள் என்று கேட்டேன். நாலைந்து தடவை இருக்கும் என்றார். தென்காசியில் கண் டாக்டரிடம் நானே கையைப் பிடித்து அழைத்துப் போனேன். நல்லவேளை, ஒன்றுமில்லை என்றார்கள். வெளியே வந்ததும் என்னைத்தான் அண்ணாச்சி பரிதாபமாகப் பார்த்தார்.

"முப்பது வருசம் நடுரோட்டுல வெயில்ல நின்ன கண்ணுய்யா இது. சூரியனுக்கே என்னைய நல்லாத் தெரியும்."

ஒன்பது நாள் மேகம்

செண்பகம் டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார். சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகளை வந்தவர்களுக்குக் காட்டி விளக்க, எட்டு மாணவிகள் ஒரு மாதமாகப் பேசிப் பழகியிருந்தார்கள். பில்டரை மாற்றிவிட்டேன். ஆனால் சூரியனில் வைத்துச் சோதிக்காமல் எதையும் நான் வெளியே கொடுப்பதில்லை. ஒன்பது நாளாக வானம் திறக்கவில்லை.

டீச்சர் தினமும் ஸ்கூல் விட்டதும் பையோடு வந்து நிற்பார். "எட்டு பிள்ளையளும் என் மூஞ்சியப் பாக்குது சார். மாட்டியாச்சுன்னுதானே சொல்லுதீய, குடுத்தா என்ன?" நான் அசையவில்லை. பிள்ளைகளின் கண், முடியாது என்றேன். மேகத்துக்கும் சேர்த்து என்னையே முறைத்துவிட்டுப் போவார். வியாழக்கிழமை தலைமையாசிரியரே போனில் வந்தார்.

"மேகமா இருந்தா யாரும் பாக்கப் போறதில்ல, வெயில் அடிச்சா அதுவே டெஸ்ட் ஆயிரும். இதுல ஒங்களுக்கு என்ன சார் கஷ்டம்?"

வெள்ளிக்கிழமை வெயில்

மறுநாள் மாலை டீச்சர் வாசலில் நிற்கும்போதே மேகம் விலகி வெயில் அடித்தது. டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன், பின்னாலேயே டீச்சர். முதலில் கண் வைக்காமல் கேமராவை மாட்டிப் பார்ப்பேன். பார்த்தேன். சூரியனுக்குப் பக்கத்தில், ஆவி மாதிரி இன்னொரு சூரியன்.

கழற்றினேன். பில்டரின் பளபளப்பான பக்கம் சூரியனைப் பார்த்து இருக்க வேண்டும். அதுதான் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அது என்னைப் பார்த்துப் பளபளத்தது. பதினேழு வருட அனுபவத்தோடு நான் அதைப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறேன். அப்படியே விட்டால் வெப்பத்தைத் தின்று தின்று, யாரோ ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டிருக்கும். வாயைத் திறந்து டீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன். சரியாக மாட்டி முடிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. மறுபடியும் சோதிக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமைக்கு டெலஸ்கோப் இல்லை. சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். டீச்சர் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, படியிறங்கும் முன் திரும்பினார்.

"சாக்பீஸ்ல வரைஞ்சு வெச்சுக்கிடுதோம் சார். ஆனா ஒண்ணு, இந்த ஒம்பது நாளும் நான் மேகத்தத் திட்டிருக்கக் கூடாது, ஒங்களத்தான் திட்டிருக்கணும்."

வாடிக்கையாளரின் கைக்குப் பயந்து பயந்தே கடை நடத்திவிட்டேன். என் கைக்கும் கொஞ்சம் பயந்திருந்தால் எட்டுப் பிள்ளைகள் சாக்பீஸால் சூரியனை வரைய வேண்டியிருந்திருக்காது.