கோபேவுக்குப் பதில் சொன்னது யார்?

“பொய் சொல்லாத! நீ பதில் குடுத்த, அதனாலதான் நான் என்டர் தட்டினேன்!”

“நான் கீழ சமோசா வாங்க நின்னேன் தாயே! கடைக்காரனயே கூப்பிடவா?”

கணினிப் பழுது பார்க்கும் நியம்புராவும் ஒடோங்கோவும் இப்படிக் கத்திக்கொண்டது நைரோபியில், எங்கள் அலுவலகத்தில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். இது யாரோ சொன்ன கதையில்லை. வரவேற்பு மேசைக்காரியான நான், தேநீர் கொண்டுபோகும் சாக்கில் அந்த அறை வாசலில் நின்றிருந்தேன். ஆமாம், ஒட்டுக்கேட்கத்தான்.

நாங்கள் பராமரிக்கும் ஒரு மருத்துவமனையின் கணினி, அடிப்படை மென்பொருளே செயலிழந்து, அதாவது கெர்னல் கிராஷ் ஆகி, அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. விழும் கணத்தில் மெமரியில் இருப்பதை அப்படியே கோப்பாக எடுத்துவைத்தால்தான் காரணம் தெரியும். டம்ப் என்பார்கள். நான் பிரேதப் பரிசோதனை என்பேன். அந்த டம்ப் ஒருமுறைகூடப் பதிவாகவில்லை. அன்று மாலைக்குள் பதிவாக்கிக் காட்டாவிட்டால் நியம்புராவுக்கு வேலை இல்லை. முதலாளி சொல்லிவிட்டார்.

மருத்துவமனைக் கணினியிலா சோதிக்க முடியும்? நோயாளிகள் கதி? அதற்காகவே பக்கத்து அறையில் கோபே என்றொரு சோதனைக் கணினி. அதை வேண்டுமென்றே சாகடித்துப் பார்ப்பார்கள். கை தவறி வேறொன்றைக் கொன்றுவிடாமலிருக்க ஒரு வழக்கம் உண்டு. தட்டுகிறவர் கணினியின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் திரையைப் பார்த்து அதே பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் என்டர்.

நியம்புரா திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்.

“கோபே!”

“கோபே.”

பதில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அங்கே யாரும் இல்லை...

ஒடோங்கோவின் குரல் என்று அவள் இன்றும் சாதிக்கிறாள். எனக்கு அது அவள் குரலாகவே கேட்டது. வாசலிலிருந்து பக்கவாட்டில் தெரிந்த அவள் வாயோ மூடியிருந்தது.

டக்.

பக்கத்து அறையில் மின்விசிறியின் இரைச்சல் நின்றது. பிறகு மெல்லத் தொடங்கியது... மூச்சை இழுப்பதுபோல.

டம்ப் வந்தது. முழுசாக.

“வந்துடுச்சு!” என்று துள்ளித் திரும்பியவள் என்னை மட்டும் பார்த்தாள். “அக்கா, ஒடோங்கோ எங்க?”

அவன் அப்போதுதான் சமோசாப் பொட்டலத்தோடு படியேறி வந்தான். அதிலிருந்துதான் அந்தச் சண்டை. நடுவில் சட்டென்று நிறுத்தினான்.

“இரு. எந்த மெஷின்ல டம்ப் எடுத்த?”

“கோபேலதான்.”

“கோபேவா? காலைல அதுல இருந்த மெமரி மொத்தத்தையும் நான்தான கழட்டினேன்! அது எழுந்திருக்கவே எழுந்திருக்காதே...”

மூவரும் போனோம்.

மூடி திறந்து கிடந்தது.

மெமரி செருகும் இடங்கள் காலி.

மின்விசிறி சுழன்றது.

“அப்ப... அந்தக் கோப்புல இருக்கறது என்ன?” என்றேன்.

“அக்கா, வாய மூடுங்க.”

நியம்புரா அதைத் திறக்காமலே அழித்தாள். மெமரியைத் திரும்பச் செருகி, மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பெயரைச் சொல்லி, மறுபடி சோதித்தோம். பதிவானது. அதை முதலாளியிடம் காட்டினாள். வேலை தப்பியது.

முதல் டம்ப் எப்படி வந்ததென்று இதுவரை எவரும் சொல்லவில்லை. நானும் கேட்காத ஆளில்லை.

அடுத்த வருடமே அந்த இருவருக்கும் கல்யாணம். அவ்வளவு கத்தியது இதற்குத்தானா என்று நான் ஒடோங்கோவின் முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. இப்போது எல்டோரெட் பக்கம் குடிபோய்க் கோழி வளர்க்கிறார்கள். வீட்டில் ஒரு கணினிகூடக் கிடையாது.