கவிஞர் நெற்றியில் புற்றுமண்

இன்று மகளுக்குத் தமிழ் இலக்கியத்தில் இடம் கேட்டு, திருநெல்வேலியில் அந்தப் பழைய கல்லூரிக்குப் போயிருந்தோம்.

“இடமெல்லாம் நிரம்பிட்டும்மா. யாராவது விலகினா கூப்பிடுதோம்” என்றார் அலுவலகத்தில் இருந்தவர். மகள் மார்க் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில், மகளுக்குப் பிடித்த கவிஞரின் மார்பளவுக் கருங்கல் சிலை. அவர் படித்த கல்லூரியில்தான் படிப்பேன் என்று பிளஸ் டூ முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தேவாரம், திருப்புகழ் தவிர அதிகம் படித்தவள் இல்லை. பெரிய மனிதர், கேட்டால் செய்வார் என்று தோன்றிவிட்டது.

செருப்பைக் கழற்றினேன். பையில் எப்போதும் இருக்கும் கோமதியம்மன் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து அவர் நெற்றியில் இட்டேன். “எம்புள்ளைக்கு ஒரு இடம் வாங்கிக் குடுங்கய்யா” என்று கும்பிட்டேன்.

காவலாளி அண்ணாச்சி ஓடி வந்தார்.

“யம்மா, என்ன காரியம் செஞ்சிட்டிய! சாமியே இல்லைன்னு எழுதுன மனுசரும்மா அவரு!”

பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். மண் கன்னம் வரை இறங்கியது.

“விடுங்க, மழை பேஞ்சா போயிரும்” என்றார் அண்ணாச்சி.

“ஏம்மா மானத்த வாங்குத? நாளைக்கு இடம் கெடச்சாலும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கன வருவேன்?” என்றாள் மகள்.

அலுவலகத்தில் அழாத பிள்ளை அங்கே அழுதாள். ஊர் திரும்பும் பஸ்ஸில், சங்கரன்கோவில் வரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். இன்னும் சாப்பிடவில்லை.

வேறு எங்காவது தமிழ் இலக்கியத்துக்கு இடம் இருந்தால் சொல்லுங்கள். அங்கே சிலை இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் கல்லூரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்கிறேன்.