அம்மாவின் கண்ணும் சிலி அன்ரியின் மலையும்

அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஜெர்மனியில் ஹம் நகரத்தில் நாங்கள் இருந்த அகதி விடுதியில், குசினிக்குப் பக்கத்து அறையில், தேவாலயத்துக்காரர் கொடுத்த பழைய தொலைக்காட்சி ஒன்று இருந்தது. செய்தியில் இலங்கை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அம்மா அகப்பையும் கையுமாக ஓடிவந்து திரையில் மூக்கு முட்ட நிற்பார். பின்னால் இருக்கும் எங்களுக்கு அம்மாவின் கொண்டைதான் செய்தி. எரிகிற கட்டடம், ஓடுகிற சனம், அவ்வளவுதான். உடனே கால்பந்து வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அப்போது மாமாவின் குடும்பம் இருந்தது. தபால் நின்று பல மாதமாகியிருந்தது. வீடு நிற்கிறதா, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒரு தகவலும் இல்லை. இதைப் பற்றிப் பெரியவர்கள் எங்களுக்கு முன்னால் பேசமாட்டார்கள். எங்களுக்கு எல்லாம் தெரியும்.

எதிர் அறையில் சிலி அன்ரி இருந்தார். அவருடைய சிலி நாட்டில் பட்டாளத்தின் ஆட்சி. அதற்குப் பயந்து தனியாக வந்தவர். அந்தீஸ் மலையடியில் ஒரு சின்ன ஊர் அவருடையது. நம்மவர் வளவில் கிணறு இருப்பதுபோல அந்த ஊருக்குப் பின்னால் ஓர் எரிமலை இருந்தது, எந்நேரமும் புகைத்துக்கொண்டே இருக்குமாம். மூளை உள்ளவர்கள் அங்கே போய் வீடு கட்டுவார்களா என்று என் சின்னம்மா அவர் முகத்துக்கு நேரேயே கேட்பார். தமிழில் கேட்பதால் வில்லங்கம் வரவில்லை.

ஒரு மாலை செய்தியில் அந்த மலை வெடித்தது. வெள்ளைப் பனி மூடிய உச்சியிலிருந்து நெருப்பு சிவப்பாக வழிந்தது. அடியில் மரவீடுகளும் ஒரு தேவாலயக் கோபுரமும் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. சிலி அன்ரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினார். பிறகு எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அவருடைய தாய் அந்த ஊரில்தான் இருந்தார். செத்த வீட்டில் என்ன செய்வதென்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. சின்னம்மா ஓடிப்போய் அன்ரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பெரிய குரலெடுத்து அழத் தொடங்கினார். அன்ரி மின்னடுப்பைப் போட்டார். செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று சின்னம்மா அழுதபடியே கை நீட்டி நிறுத்தினார். அன்ரி திரும்பவும் போட்டார், சின்னம்மா திரும்பவும் நிறுத்தினார். அம்மா எங்கள் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து அன்ரியின் முன்னால் வைத்தார். அப்பா நல்ல சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, கையைக் கட்டியபடி வாசலில் நின்றார்.

எங்களில் ஜெர்மன் தெரிந்தவள் நான் மட்டும்.

"கடவுள் இருக்கிறார், யோசியாதேங்கோ எண்டு முதல் சொல்லு. பிறகு மெல்லமா அம்மாவைப் பற்றிக் கேள்" என்றார் அம்மா.

அவ்வளவு ஜெர்மன் என்னிடம் இல்லை. உங்கள் அம்மா செத்துப்போய்விட்டாரா என்று நேராகக் கேட்டேன்.

அன்ரி திகைத்துப் போனார். மலை எப்போதும் மறுபக்கம்தான் வழியும் என்றார். காயப்போட்ட துணியில் சாம்பல் கொட்டியதற்காகத் தன் தாய் இந்நேரம் மலையைத் திட்டிக்கொண்டிருப்பார் என்றார். பிறகு மேசையில் மாவைக் குவித்து மலையாக்கினார். அடிவாரத்தில் ஓர் உருளைக்கிழங்கு, அது தேவாலயம். அதற்குப் பின்னால் ஒரு வெங்காயம், அது வீடு. கோபுரத்துக்குப் பின்னால் நீலக் கூரை தெரிந்ததே, நீங்கள் பார்க்கவில்லையா? ஊரைவிட்டு வந்தபின் இன்றைக்குத்தான் அதைக் கண்ணால் கண்டேன், சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. எல்லோருக்கும் எங்கள் ஊர்ப் பலகாரம் செய்யப்போகிறேன், தயவுசெய்து அடுப்பை விடுங்கள் என்றார். அந்தப் பலகாரம், மாவுக்குள் கறி வைத்து மடித்துப் பொரிக்கும் எங்கள் பற்றிஸ் மாதிரியே இருந்தது.

சின்னம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சட்டையை மாற்றப் போனார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாக்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடுத்து வைச்சவ" என்றார். "மலை ஒண்டு நிக்குது, கண்டவுடனை தன்ரை வீட்டைக் கண்டுபிடிச்சிட்டா. எங்கடை ஊரிலை எல்லாம் ஒரே மட்டம்."

நெருப்புக் கக்குகிற மலைக்குக் கீழே வீடு வைத்திருப்பவர் எப்படிக் கொடுத்து வைத்தவராவார் என்று எனக்கு விளங்கவில்லை. மலையே இல்லாத எங்கள் ஊரை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த தடவை யாழ்ப்பாணம் செய்தியில் வந்தபோது அம்மா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு கூரையாகத் தடவினார். அதற்குள் கால்பந்து வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. விடுதிக்கு வரும் சமூக உதவியாளரிடம் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று சொன்னேன். அவர் கண் டாக்டரைப் பார்க்க நாளும் நேரமும் குறித்து டெர்மின் எடுத்துக் கொடுத்தார். அம்மா ஏன் எதற்கு என்று கேட்காமல் வந்தார். கூப்பிட்டால் போவதுதான் அந்த நாட்டில் எங்கள் வழக்கமாக இருந்தது.

அம்மா கடைசி வரியின் பொடி எழுத்துவரை வாசித்தார். இரண்டு கண்ணும் மிக நல்ல கண், கண்ணாடி வேண்டாம் என்றார் டாக்டர். அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

"ஓம், எனக்குத் தெரியும்" என்றார் அம்மா.

அன்று மாலையும் அம்மா திரையில் மூக்கு முட்டத்தான் நின்றார். அந்த டாக்டருக்குத் தொழில் தெரியாது என்று நான் முடிவு கட்டினேன்.