மஸ்கட் போகிற பூனைக்குத் தஞ்சாவூரில் ஒரு வீடு

மஸ்கட்டில் சமையல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஒருவழியாகப் போன ஐப்பசியில் எனக்கும் விசா எடுத்துவிட்டார். குத்தாலத்து வீட்டை வாடகைக்கு விட்டோம். வந்தவர்களோ உடனே குடியேற வேண்டும் என்றார்கள். எங்கள் பூனைக்கு ஊசியும் காகிதங்களும் முடிய இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை மாட்டு டாக்டருக்குப் பக்கமாகத் தஞ்சாவூரில் ஓர் இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் பூனையை விட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

பூனையின் பெயர் தாளடி. தாளடி என்கிற இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்து போட்ட வைக்கோல் போரில் பிறந்தது. கூடப் பிறந்த இரண்டும் மீன்காரர் வீட்டுக்குப் போய்க் கொழுத்துவிட்டன. அது தனிக் கதை, விடுங்கள்.

காலை ஏழு மணிக்குத் தாளடியைக் கூடையில் வைத்துக் கும்பகோணம் வழியாகப் பஸ் ஏறினேன். தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆடுதுறையில் ஒரு கருவாட்டுக்காரம்மா ஏறி என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அங்கே ஆரம்பித்த கத்தல்தான்.

"யாரு வீட்டுப் பிள்ளை இப்படி அழுவுது?" என்று கண்டக்டர் வந்தார்.

"பூனைங்க. கருவாட்டு வாசனை."

"அப்ப அந்தம்மாவ எறக்கி விடவா, பூனைய எறக்கி விடவா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. கருவாட்டுக்காரம்மா ஒரு துண்டை எடுத்துக் கூடைக்குள் போட்டார். தஞ்சாவூர் வரை சத்தமே இல்லை.

பஸ் நிலையத்தில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி கிடைத்தார். மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் அவர் காட்டியது முதல் வீடு. நல்ல காற்று, நல்ல தண்ணீர். முன்பணம் வரைக்கும் பேசியாயிற்று. அப்போது கூடை "மியாவ்" என்றது.

வீட்டுச் சொந்தக்காரர் முகம் மாறிவிட்டது. "நான் தினம் காலையில யாவாரத்துக்குக் கெளம்புறவன்மா. இது குறுக்க போச்சுன்னா?"

"கட்டிப் போட்டு வைக்கிறேங்க."

"கட்டுன பூனை அவுத்துக்கிட்டு வந்து குறுக்க போனா?"

கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். அடுத்த இரண்டு வீட்டிலும் இதே கேள்விதான்.

"அக்கா, கோழின்னு சொல்லிப் பாக்கலாமா?" என்றார் ஆட்டோத் தம்பி.

"அது கத்துறதுக்கு யாரு பதில் சொல்றது? ஓட்டுங்க."

கீழவாசலில் ஒரு மாடி காலி என்று அவரே விசாரித்து வந்தார். வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். தெருவே அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுகிறது. இந்தத் தடவை நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன்: பூனை இருக்கிறது, இரண்டு மாதத்தில் இருவரும் மஸ்கட் போய்விடுவோம் என்று.

"பூனை இருக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா. போறதுதான் வேணாங்குறேன்" என்றார் பாயம்மா. "சோறு வச்சுப் பழகுவேன். அப்பறம் தூக்கிட்டுப் போயிடுவீங்க. எம் பிள்ளைங்க ரெண்டும் அப்படித்தான் துபாய்க்குப் போச்சுங்க. வேற எடம் பாருங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. திரும்பினேன். கூடை கையில் லேசாக இருந்தது. தாளடி எப்போதோ இறங்கி, மாடிப்படியின் மூன்றாவது படியில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"பாயம்மா, வாடகைக்காரங்க வந்துட்டாங்க" என்றார் ஆட்டோத் தம்பி.

பாயம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, இருங்க. ஆனா அது பேர மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க. பேரு தெரிஞ்சா மனசு ஒட்டிக்கும்."

"தாளடிங்க" என்றார் தம்பி.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தார்.

மறுநாள் காலை என்னை எழுப்பியதே, "தாளடி, பாலு குடிக்க வாடி" என்ற குரல்தான்.

பூனையோடு வெளிநாடு போகிற உங்களுக்குச் சில யோசனைகள். பூனை உண்டு என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அங்கே போய் இறங்கும் வீட்டுக்கும் அதுதான். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஒப்பந்தத்திலேயே பூனையை எழுதி வாங்கினார். ஊசி, மைக்ரோசிப், அனுமதி விதிகளெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். டாக்டரிடமும் விமானக் கம்பெனியிடமும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளன்று சென்னை போகக் கார் வந்து நின்றது. நான் வாசலில் செருப்பு மாட்டும்போது பாயம்மா, விமானத்துக்காக வாங்கிய பூனைக் கூண்டின் கொக்கியைத் தூக்கிவிட்டார். தாளடி எனக்குக் குறுக்கே ஓடி அவர் காலடியில் போய் நின்றது.

"பூனை குறுக்க போனா உங்க வழக்கத்துல என்னம்மா செய்வீங்க?"

"கொஞ்ச நேரம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போவோங்க."

"அப்ப உக்காருங்க" என்று தாளடியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்தேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அதனால் கடைசி யோசனை: காரை ஒரு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லிவிடுங்கள்.