வல்லம் வடகால் அக்கா

பிள்ளைப்பாக்கத்தில் நான் இருந்த அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். அதை வீட்டுக்கார அம்மா இரண்டு பேருக்கு விட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஆனால் எதிரெதிர் ஷிப்ட். எனக்குப் பகல் என்றால் அவளுக்கு இரவு. வாரம் மாறினால் அப்படியே தலைகீழ். ஒரு பாய், ஒரு தலையணை. நான் எழுந்து போன சூட்டில் அவள் வந்து படுப்பாள். வார லீவிலாவது பேசலாம் என்றால் எனக்கு ஞாயிறு, அவளுக்கு வியாழன். அந்த வியாழனிலும் ஓ.டி. என்று கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஆறேழு மாதம் ஒரே பாயில் படுத்தவளின் முகத்தை நான் நிதானமாகப் பார்த்ததே கிடையாது. தெருமுனையில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் ஏறுவேன். "சாப்ட்டியா?" என்பாள். நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் மாதிரி யாராவது என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

பேச வேண்டியதையெல்லாம் காலண்டர் தாளில்தான் பேசினோம். தினம் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதித் தலையணைக்கடியில் வைப்போம். "தண்ணி ஒரு கொடந்தான் வந்துச்சு." "உன் சுடிதாரு காஞ்சிருச்சு, மடிச்சு வச்சிருக்கேன்." "குழம்பு மூடி வச்சிருக்கேன், எறும்பு பாத்துக்க." அவள் அருப்புக்கோட்டைப் பக்கம், நான் சங்கரன்கோவில் பக்கம். எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வரி போட்டுத்தான் முடிப்பாள்: "வயித்துக்கு வஞ்சகம் பண்ணாத." நான் சாப்பாட்டில் சுணங்குகிறவள் என்பதை மிச்சமிருக்கும் சோற்றைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். அவளைப் பற்றி எனக்கு அந்த அளவுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றவும் இல்லை, நல்ல ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். இரவு ஷிப்ட் முடித்து அவள் தூங்கிக்கொண்டிருந்தால் எனக்கு அறையில் இடமில்லை. காலையில் குளித்துக் கிளம்பிவிட வேண்டும். வல்லக்கோட்டை முருகனை எத்தனை தரம்தான் பார்ப்பது? அவருக்கே என்னைப் பார்த்து அலுத்திருக்கும். அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த நாளில்தான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் போய் உட்கார்ந்தேன். ஃபேன் இருந்தது, நாற்காலி இருந்தது, யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. எனக்கு மெயில் போட ஒருத்தரும் இல்லை, இருந்தாலும் மெயில் ஐடி ஒன்று ஆரம்பித்தேன்.

சென்டர்காரர் அந்த ஊர்க்காரர். நெற்றி நிறைய விபூதி. பாதியில் கரண்ட் போனால் மிச்ச நேரத்துக்கான சில்லறையைக் கையில் திணித்து அனுப்புவார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார். "அடுத்தவங்க காசு எனுக்கு இன்னாத்துக்கு?" என்பார். இந்த மனிதர் இன்னொரு தொழிலும் செய்துகொண்டிருந்தார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சம்பாதிக்கலாம், பணம் கட்டினால் வழி சொல்லித்தரும் டிஸ்க் தபாலில் வரும் என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தார். கம்பெனி பஸ் நிற்கிற இடமெல்லாம் அதற்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்.

நான் வேகமாக டைப் அடிப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார். "நல்லா எழுதுவியா நீ? நம்ப டிஸ்க்க வாங்கி சம்பாரிச்ச ஒரு லேடி எழுதுன மாதிரி எழுதிக் குடு. பிரவுசிங் உனுக்கு ஃப்ரீ."

"அப்படி யாராவது இருக்காங்களா அண்ணே?"

"வருவாங்க. ஊரு மட்டும் பக்கத்து ஊரா போடு. தூரமா போட்டா நம்பமாட்டாங்கோ."

வல்லம் வடகால் என்று போட்டேன். பஸ் ஜன்னலில் தினமும் பார்க்கிற பலகை, கை தானாக அதை அடித்துவிட்டது. வயலைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவை உண்டாக்கினேன். கல் அடுப்பு, முருங்கை மரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மணி நேரம். அவளுக்குப் பெயரும் வைத்தேன். அதை இங்கே எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பெனியில் என் வேலை செக்கிங். செல்போன் மூடியில் மயிரிழை கீறல் இருந்தாலும் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவேன். ஒருமுறை கணக்கு குறைகிறது என்று சூப்பர்வைசர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "எனக்குப் பொய் வராது சார்" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னவள் நான். வாரத்தில் ஆறு நாள் அந்த வாய். ஏழாம் நாள் இந்தக் கை.

பக்கத்தைப் படித்தவர்கள் அந்த அக்காவுக்கு மெயில் போட ஆரம்பித்தார்கள். அதற்கும் பதில் நான்தான். சென்டர்காரர் வழி சொல்லிக்கொடுத்தார். "கேட்ட ஒடனே சேத்துக்காத. உனுக்கு சரிப்படாது, வேணாம்னு சொல்லு. தொரத்தினு வருவாங்க." அதைக் கேட்டு நானே ஒரு வரி எழுதி அந்தப் பக்கத்தின் தலையில் போட்டேன்: "முதலில் எல்லோரையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதையும் மீறி உறுதியாக நிற்பவர்களே ஜெயிக்கிறார்கள்." அவர் படித்துப் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்தின் அடியில் மூன்று இடங்களே மீதம் என்று இருக்கும். அந்த மூன்று ஒருநாளும் இரண்டாகவில்லை.

பிரவுசிங் ஃப்ரீ என்பதற்காகச் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அந்தக் கடிதங்கள் எனக்கு வேண்டியிருந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, அக்கா அக்கா என்று முகம் தெரியாத பெண்கள் எழுதினார்கள். தலைவலியைச் சொன்னார்கள், மாமியாரைச் சொன்னார்கள். வாரம் முழுக்க யாரிடமும் நாலு வார்த்தை பேசாத எனக்கு ஞாயிறு வந்தால் அத்தனை பேர் காத்திருந்தார்கள். நான் அந்த அக்காவாக இருக்கிற நேரம் மட்டும் தனியாக இல்லை.

அதில் ஒருத்தி மற்றவர்களைவிட அதிகம் எழுதினாள். பெயரைச் சொல்லவில்லை, தங்கச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே கம்பெனியில் இருக்கிறாள். புருஷன் இல்லை. போன பொங்கலுக்குப் போனபோது பிள்ளை அவளைப் பார்த்ததும் பாட்டி சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாம். "யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லுதுக்கா. வீட்டுல இருந்து பாக்குற வேலை கிடைச்சா கம்பெனிய விட்டுட்டு மககிட்ட போயிருவேன்" என்று எழுதியிருந்தாள். இன்னொரு வாரம், "உங்களைப் பாக்கணும்னு வியாழக்கிழமை ஓ.டி. போகாம வல்லம் வடகால் வந்தேன்கா. வாழைப்பழம் வாங்கிட்டு வந்தேன். உங்க பேரைச் சொன்னா யாருக்கும் தெரியல. எனக்கு விசாரிக்கத் தெரியலபோல" என்று எழுதியிருந்தாள். குடும்பத்தோடு மெட்ராஸுக்கு வந்துவிட்டோம் என்று பதில் போட்டேன்.

அதற்கு வந்த பதிலின் கடைசி வரி இது: "புது ஊரு, வேலை வேலைன்னு இருந்துராதீங்க. வயித்துக்கு வஞ்சகம் பண்ணாதீங்கக்கா."

திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வியாழனுக்கு மறுநாள் காலை நான் இரவு ஷிப்ட் முடித்து அறைக்குப் போனபோது ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. காலண்டர் தாளில், "வாங்கினேன், சாப்பிடு" என்று எழுதியிருந்தது. நான் நாலு பழம் சாப்பிட்டிருந்தேன்.

ஆறேழு மாதம் என்னோடு ஒரே தலையணையில் தலை வைத்தவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் என்னிடம் சொல்லவில்லை, இல்லாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். பொறாமையாகக்கூட இருந்தது. சீ, என்ன ஜென்மம் நான்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு வேலை கன்ஃபார்ம் ஆக இருந்தது. டிரெய்னியாக அவ்வளவு நாள் நின்றது அதற்காகத்தான். இப்போது விட்டால் திரும்பக் கிடைக்காது. அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இதே மாதிரி ஒரு பக்கம் ஆரம்பித்து, இதே டிஸ்க்கை வேறு நாலு பேருக்கு விற்பது எப்படி என்பதுதான் இருக்கிறது.

அன்றைக்கே அந்த அக்காவாக எழுதினேன். "வேண்டாம்மா. இது உனக்குச் சரிவராது. கம்பெனி வேலையை விட்டுவிடாதே."

அடுத்த ஞாயிறு பதில் இருந்தது. "முதல்ல வேண்டாம்னுதான் சொல்வீங்கன்னு உங்க பக்கத்துலயே போட்டிருக்கேக்கா. நான் உறுதியா இருக்கேன்."

மறுபடி எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டாம் என்று எழுதினேன். "எவ்வளவு சோதிச்சாலும் நான் அசையமாட்டேன்கா" என்று பதில். மூன்றாவது தரமும் எழுதினேன். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவளுக்கு உறுதி ஏறிக்கொண்டே போனது. அந்த வரியை எழுதிய கையை என்ன செய்தால் தகும்?

சென்டர்காரரிடம் போய் நின்றேன். "அந்தப் பொண்ணு பணம் அனுப்பினா வாங்காதீங்கண்ணே. பிள்ளைக்காரி."

"நான் யார் கையிலனா புடுங்கறனா? அவுங்களா அனுப்பறாங்கோ." சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதானே எழுதிகினு கீற? இப்ப இன்னா புதுசா?" என்றார்.

இனி ஒரே வழிதான். என் பெயரிலேயே சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் காலண்டர் தாளை எடுத்தேன். "நீ கட்டப் போற பணம் ஏமாத்து. அந்த அக்கா கிடையாது" என்று எழுதினேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே? கிழித்தேன். அடுத்த தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். அவள் இதைப் படித்துவிட்டு இந்தப் பாயிலேயே தனியாகப் படுத்திருப்பாள் என்று நினைத்ததும் அதையும் கிழித்தேன். கடைசியில் தலையணைக்கடியில் வைத்தது, "இன்னிக்குத் தண்ணி வரல" என்ற தாளைத்தான். அந்த வாரம் முழுக்க நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தெருமுனையில் அவள், "சாப்ட்டியா?" என்று கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம். அந்தப் பயம் அவள் வேலையைவிட, அவள் பிள்ளையைவிட எனக்குப் பெரிதாக இருந்தது. அதுதான் உண்மை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அறையைத் திறந்தேன். பாயைக் கழுவி, காயவைத்து, சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தது. அவள் பை இல்லை.

வீட்டுக்கார அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "அது பையத் தூக்கினு ஊருக்குப் போயிடுச்சே. வேலைய வுட்டுட்டேன், இனிமே எம் பொண்ணு கூடத்தான்னு சொல்லிச்சு. மூஞ்சில அவ்ளோ சிரிப்பு. உங்கிட்ட சொல்லலியா?"

தலையணைக்கடியில் தாள் இருந்தது. "ஊருக்குப் போறேன். பக்கெட்டு உனக்குத்தான். வயித்துக்கு வஞ்சகம் பண்ணாத." அன்று இரவு முழுப் பாயும் எனக்கே. ஒரு ஓரமாகத்தான் படுக்க முடிந்தது.

சென்டருக்குப் போவதை விட்டுவிட்டேன். ஆனாலும் ஒரு இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மனது கேட்காமல் போனேன். என் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்துக் கம்ப்யூட்டரில் அந்த அக்காவின் மெயிலைத் திறந்தேன். பாஸ்வேர்டு மாற்றவில்லை. அவளிடமிருந்து ஒன்று வந்திருந்தது, யாரும் திறக்கவில்லை.

"டிஸ்க்கு வந்துச்சுக்கா. அதுல சொல்லியிருக்கிற மாதிரி இன்னொருத்திய நம்பவச்சு வாங்கவைக்க எனக்கு வரல. தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போயிட்டிருக்கேன். பிள்ளை தூங்குறப்ப போறேன், தூங்குறப்ப வர்றேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க மூணு தரம் வேண்டாம்னுதான் சொன்னீங்க, நான்தான் கேக்கல. அவ்வளவு தூரம் எனக்காக யாரும் சொன்னதில்ல.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்கா. பிள்ளைப்பாக்கத்துல எங்கூட ஒரு பொண்ணு இருந்தா. யார்கிட்டயும் பேசமாட்டா. லீவு நாள்லகூட எங்கயோ தனியா போயி உக்காந்துட்டு வருவா. கடைசி வாரம் என்னமோ சொல்ல வந்த மாதிரியே இருந்தா, நான் நின்னு கேக்காம வந்துட்டேன். அது மனச உறுத்துது. எங்கிட்ட பேசின மாதிரி அவளுக்கும் நீங்க ஒரு மெயில் போடுங்க. அவ ஐடி எனக்குத் தெரியாது, வீட்டு அட்ரஸ் கீழ போட்டிருக்கேன். சாப்ட்டியான்னு மட்டும் கேளுங்க, போதும்."

கீழே எங்கள் அறையின் அட்ரஸ் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே என்றுகூடப் போட்டிருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து பதில் எழுதினேன். அந்த அக்கா இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை, நான்தான் என்று எழுதினேன். முருங்கை மரத்திலிருந்து மெட்ராஸ் வரை எல்லாவற்றையும் எழுதி, அடியில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன். எழுந்தபோது சென்டர்காரர் நேரத்தைப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு, மிச்சச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.

அதற்கடுத்த ஞாயிறும், அதற்கப்புறம் வந்த பல ஞாயிறுகளும் போய்ப் பார்த்தேன். அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. அறைக்கு வேறொருத்தி வந்திருந்தாள். அவளுக்கு எழுதும் பழக்கம் இல்லை. காலண்டர் தாளைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவாள்.