எங்க ரக்பி கிளப்பும் கரமடி ஆட்களும்

நம்ம மாவட்டத்துல ரக்பி கிளப் ஒண்ணு தொடங்கிருக்கோம். பந்து இருக்கிறது என்கிட்ட மட்டுந்தான், அதனால செயலாளரும் நான்தான்.

இன்னைக்குக் காலைல கடியப்பட்டணம் கடப்புறத்துல முதல் பயிற்சி. கடலுக்கு முதுகு காட்டி, கீரிப்பாறை எஸ்டேட்ல ரப்பர் பால் வெட்டுற எட்டு பேர். எதிர்ல உள்ளூர் மீன்பிடிக்காரங்க எட்டு பேர்.

ரெண்டு கூட்டமும் குனிஞ்சு, தோளோட தோள் முட்டி, எதிராளி சட்டையைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளணும். இதுக்குப் பேரு ஸ்க்ரம். விசில் ஊதினேன்.

மீன்பிடிக்காரங்க எட்டு பேரும் ஒண்ணாப் பின்னால இழுத்தாங்க. எஸ்டேட்காரங்க மொத்தமா மண்ணுல மூக்கு குத்தினாங்க.

"எதுக்கு அண்ணே இழுத்தீங்க?"ன்னு மீன்பிடிக்காரங்கள்ல மூத்தவரான ஜெரோம் அண்ணன்கிட்ட கேட்டேன்.

"தெனமும் கரையில நின்னு கரமடி வலை இழுக்கிற கையாக்கும் மக்கா. இங்க வந்து குனிஞ்சா அது தானா இழுக்கும்."

எஸ்டேட்காரங்க மண்ணைத் துப்பிக்கிட்டே பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. அவங்க போனா கிளப்பே இல்ல. கெஞ்சி நிறுத்திட்டு ஜெரோம் அண்ணன்கிட்ட போனேன்.

"அண்ணே, இவங்களை வள்ளம்னு நெனச்சுக்கோங்க. கடல்ல இறக்கணும்."

சொல்லிருக்கக் கூடாது.

அடுத்த விசிலுக்கு எஸ்டேட்காரங்க எட்டு பேரும் இடுப்பளவு தண்ணியில நின்னாங்க. "இவ்வளவு லேசான வள்ளத்தை நான் தள்ளுனதே இல்ல"ன்னார் ஜெரோம் அண்ணன்.

அடுத்த பயிற்சி கீரிப்பாறை மலையிலதான்னு எஸ்டேட்காரங்க சொல்லிட்டாங்க. அந்தச் சரிவுல மேல்பக்கம் யார் நிக்கப்போறாங்கன்னு எனக்கு இப்பவே தெரியும்.

அஞ்சுகிராமம் பக்கம் சமதரையா அறுத்த வயல் ஏதாவது கிடந்தா கமெண்ட்ல சொல்லுங்க மக்கா.